மாற்றுவது வேறு, பழுது பார்ப்பது வேறு

நம்மவர் வீடுகளில் இப்போது எதுவும் பழுது பார்க்கப்படுவதில்லை, மாற்றப்படுகிறது. மிக்ஸி, மின்விசிறி வரையில் அது போகட்டும், அவரவர் பணம், அவரவர் விருப்பம். ஆனால் ஒரு குடும்பமே நம்பியிருக்கும் சிறு பட்டறைகளிலும் இதே பழக்கம் புகுந்துவிட்டது என்பதுதான் என் ஆதங்கம். "பேரிங் போயிடுச்சு, மாத்திடலாம்" என்று வந்தவர் சொன்னால், "எதை வைத்துச் சொல்கிறீர்கள்? எவ்வளவு ஆட்டம் இருக்கிறது?" என்று திருப்பிக் கேட்க ஆளில்லை. இந்த ஒரு கேள்வியைக் கேட்காததால் நம் சங்கத்துப் பிள்ளை ஒருவனின் பட்டறை மூடப்பட இருந்தது.

அவன் ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படித்தவன். அம்பர்நாத் பக்கம் ஒரு வாடகை ஷெட்டில் பழைய லேத் ஒன்றையும், செங்குத்து மில்லிங் மெஷின் ஒன்றையும் வைத்து ஜாப் ஒர்க் செய்து வருகிறான். மில்லிங் மெஷின் தகராறு செய்ய ஆரம்பித்தது. 10 மி.மீ. கட்டர் போட்டால் பள்ளம் 10.15 வருகிறது, வெட்டிய முகம் அலையலையாக இருக்கிறது. சரக்குத் திரும்பி வந்தது. இரண்டு முறை பேரிங் மாற்றினார்கள், குறை தீரவில்லை. மூன்றாவதாக வந்தவர் ஸ்பிண்டிலையே மாற்ற வேண்டும் என்று அறுபதாயிரத்துக்கு மேல் கொட்டேஷன் கொடுத்துவிட்டுப் போனார். இரண்டு மெஷினையும் இரும்பு விலைக்குத் தள்ளிவிட்டு மகனை ஏதாவது கம்பெனியில் சேர்த்துவிடலாம் என்று தகப்பனார் முடிவு கட்டிவிட்டார். அந்த நிலையில்தான் பையன் என்னிடம் வந்தான். "அங்கிள், விக்கறதுக்கு முன்னாடி நீங்க ஒரு தடவை பாத்துடுங்க" என்றான்.

ஷெட்டுக்குப் போய் முதலில் செய்தது, எதையும் கழற்றாமல் அளந்ததுதான். ஸ்பிண்டில் மூக்கில் டயல் கேஜை வைத்து, ஸ்பிண்டிலைக் கையால் மேலே தள்ளிக் கீழே இழுத்தோம். முள் 0.08 மி.மீ. நகர்ந்தது. மேலே தள்ளும்போது கெட்டியாக நிற்கிறது. கீழே இழுக்கும்போது தொளதொளவென்று வருகிறது. புதுப் பேரிங் போட்டு இரண்டு மாதம்கூட ஆகாத ஸ்பிண்டில் இது! தேய்ந்துபோன பேரிங் இருபுறமும் ஆடும். ஒருபுறம் பிடித்து மறுபுறம் விடுகிறது என்றால் சந்தேகம் பேரிங்கின் மேல் அல்ல, அதைப் பொருத்தியவர் மேல்தான் போக வேண்டும்.

அங்கே தூசியும் இரும்புத்தூளும் அதிகம். ஆகவே ஸ்பிண்டிலை உறையோடு கழற்றி என் வீட்டுக்குக் கொண்டுவந்தோம். கார் நிறுத்தும் இடத்தில் எனக்கு ஒரு மேஜையும், வைஸும், சில அளவுகோல்களும் உண்டு. (கார் தெருவில் நிற்பது குறித்து வீட்டில் வேறு கருத்து உண்டு.) பிரித்துப் பார்த்தால், கீழ் முனையில் இருந்த ஆங்குலர் காண்டாக்ட் பேரிங் ஜோடி இரண்டும் ஒரே திசையைப் பார்த்து உட்கார்ந்திருந்தன. இவ்வகைப் பேரிங் ஒவ்வொன்றும் ஒருபக்கத் தள்ளலை மட்டுமே தாங்கும். அதனால்தான் இரண்டை எதிரெதிராகப் போடுகிறார்கள். இந்த ஸ்பிண்டிலில் அவை முதுகோடு முதுகு சேர்ந்து, அதாவது வெளிவளையங்களின் தடித்த விளிம்புகள் ஒன்றையொன்று பார்த்து உட்கார வேண்டும். அப்போதுதான் நட்டை முறுக்கும்போது குண்டுகள் இறுகும், கட்டரின் இழுப்புக்கு ஸ்பிண்டில் சாயாது. முதல் தடவை தப்பாகப் போட்டதைப் பார்த்தே இரண்டாம் தடவையும் போட்டிருக்கிறார்கள். இரண்டு ஜோடி பேரிங்கின் விலை வீண்.

பேரிங்கைக் கழுவிப் பார்த்தோம். குழி இல்லை, சத்தம் இல்லை. அதையே திருப்பிப் போட முடிவு செய்தோம். சுத்தியல் எடுக்கக் கூடாது என்பது என் வீட்டுச் சட்டம். வெளிவளையத்தில் அடித்து உள்வளையத்தை ஏற்றினால் அந்த அடி முழுவதும் குண்டுகள் வழியாகத்தான் போகும். ஓடுபாதையில் அம்மைத்தழும்பு போலப் பள்ளம் விழும். எண்ணெயில் 80 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கினோம், பேரிங் தானாக இறங்கி உட்கார்ந்தது. கிரீஸ் உள்ளே உள்ள காலியிடத்தில் மூன்றில் ஒரு பங்கு போதும். தாராளமாகக் கொடுக்கிறேன் என்று அடைத்தால் அது கடைந்துகொண்டே சூடேறும்.

இனி டேப்பர். உள்ளே ஒரு பிசிறு இருப்பது விரல் நகத்துக்கே தெரிந்தது. ஒரு நல்ல ஆர்பரில் பிரஷ்யன் நீலத்தை மெல்லிய படலமாகத் தடவி, உள்ளே வைத்து லேசாகத் திருப்பி எடுத்தால், அந்த ஓரிடத்தில் மட்டும்தான் நீலம் ஒட்டியிருந்தது. சுருள் ஒன்றைத் துடைக்காமல் ஆர்பரை ஏற்றி இறுக்கியதன் பலன். எண்ணெய்க் கல்லால் பிசிறை மட்டும், டேப்பரைத் தொடாமல், பையனே உட்கார்ந்து தேய்த்து எடுத்தான். ஒன்றரை மணி நேரம். நான் கைவைக்கவில்லை.

மெஷினில் திரும்ப ஏற்றிக் குறைந்த வேகத்தில் தொடங்கி, படிப்படியாக வேகம் கூட்டி ஓட விட்டோம். ரயில் நிலையத்துக்குள் வண்டி வந்து நின்றதும் எங்கள் ஆட்கள் ஆக்சில் பாக்ஸைப் புறங்கையால் தொட்டுப் பார்ப்பார்கள். பின்னாளில் அதற்கு அகச்சிவப்பு வெப்பமானி வந்தது. இங்கே புறங்கையே போதுமானதாக இருந்தது. வெதுவெதுப்புக்கு மேல் போகவில்லை. மூக்கிலிருந்து 150 மி.மீ. தள்ளி, சோதனைக் கம்பியில் முன்பு 0.12 காட்டிய முள் இப்போது 0.02 காட்டியது. பள்ளம் 10.02.

செலவு? கிரீஸ், மண்ணெண்ணெய், ஒரு டப்பா நீலம், இரண்டு ஞாயிற்றுக்கிழமை.

கொட்டேஷன் கொடுத்தவரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. அளக்காமலே மாற்றச் சொல்லும் தைரியம் அவருக்கு வந்ததற்குக் காரணம், அளந்து காட்டச் சொல்லி யாரும் கேட்காததுதான். கேட்கத் தெரிந்த பிள்ளைகளை நாம் வளர்ப்பதில்லை. பெரம்பூரிலும் பொன்மலையிலும் அப்பாக்கள் எண்ணெய்க் கையோடு வீடு திரும்பிய குடும்பங்கள் இங்கே எத்தனையோ உண்டு. அந்தக் குடும்பங்களிலேயே இன்று "பையன் ஐ.டி.ஐ." என்று சொல்லும்போது குரல் தாழ்கிறது. கல்யாணப் பேச்சில் அதை 'டெக்னிக்கல் படிப்பு' என்று மெழுகிவிடுகிறார்கள். நானும் டிப்ளமோக்காரன்தான், இந்த மெழுகுதல் எனக்குப் புதிதல்ல. மெக்கானிக்கல் பி.இ. முடித்த நம் பிள்ளைகள் சிலரிடம் டயல் கேஜைக் கொடுத்தேன். முள்ளைப் படித்தார்கள், அதை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. அது அவர்கள் குற்றமல்ல. கோச்சிங் வகுப்புக்கு ஆயிரக்கணக்கில் கட்டும் நாம் அவர்கள் கையில் ஒரு ஸ்பேனர் கொடுத்ததில்லை.

சங்கத்தின் பின்னறை ஞாயிறு காலையில் பூட்டித்தான் கிடக்கிறது. அங்கே ஒரு வலுவான மேஜையும் வைஸும் போட்டால், வாரம் இரண்டு மணி நேரம் நான் வரத் தயார். ஓய்வுபெற்ற மற்ற ரயில்வே நண்பர்களும் வருவார்கள். அதுவரையில் சொந்தப் பட்டறை வைத்திருப்பவர்கள் யாரும் 'மாற்ற வேண்டும்' என்ற காகிதத்தில் கையெழுத்திடுமுன் என் டயல் கேஜையும் காந்த ஸ்டாண்டையும் வாங்கிப் போகலாம். எண்ணெய்க் கல்லை மட்டும் கேட்காதீர்கள். அது இப்போது அந்தப் பையனிடம் இருக்கிறது.