எண்ணி முடித்தால் முடிந்துவிட்டதா? மலையக வாக்காளர்களுக்கு ஒரு வேண்டுகோள்

அன்பார்ந்த தோட்டத்து உறவுகளே, ஹட்டன், நுவரெலியா நகரத்து நண்பர்களே,

மத்திய மாகாண சபைக்கு நாம் கடைசியாக வாக்களித்தது 2013 செப்டம்பர் 21இல். அதன் காலம் 2018 அக்டோபரில் முடிந்தது. அன்றிலிருந்து ஆளுநர் ஆட்சிதான். இப்போது மாகாண சபைத் தேர்தல் சட்டத்தைத் திருத்துவது பற்றிக் கொழும்பில் பேசுகிறார்கள். தொகுதி எத்தனை, விகிதாசாரம் எத்தனை என்றுதான் பேச்சு. எண்ணிக்கையில் தகராறு வந்தால் யார் பார்ப்பது என்று கேட்பாரைக் காணோம்.

கொழுந்துக் கறை படிந்த விரலோடுதான் நம் பெண்கள் மலையிறங்கி வந்து தோட்டப் பாடசாலையில் வரிசையில் நிற்கிறார்கள். புள்ளடி இரண்டு கட்சிக்கு நேரே பட்டுவிட்டால் அந்தச் சீட்டு கழிந்தது. 2020 பொதுத் தேர்தலில் நாடு முழுவதும் நிராகரிக்கப்பட்டவை 744,373. 2024இல் 667,240, போட்ட நூறில் ஐந்துக்கும் மேல். அவற்றில் சரியாகப் போட்ட சீட்டும் கிடந்ததா என்று யார் திரும்பப் பார்த்தார்கள்?

தவறைத் திருத்தவே முடியாது என்றில்லை. 2010 பொதுத் தேர்தலில் நாவலப்பிட்டியில் 37 வாக்களிப்பு நிலையங்களின் முடிவைத் தேர்தல் ஆணையாளரே ரத்துச் செய்து, ஏப்ரல் 20இல் மறுபடி வாக்களிக்க வைத்தார். ஆனால் பாராளுமன்றத் தேர்தலில் முடிவு வர்த்தமானியில் வந்துவிட்டால் 21 நாளுக்குள் தேர்தல் மனுப் போட வேண்டும். நாட்சம்பளக்காரன் அதற்குள் எந்த வக்கீலைப் பிடிப்பான்?

மனுப் போட்டாலும் என்ன ஆகும்? தமிழ்நாட்டு ராதாபுரத்தைப் பாருங்கள். 2016 சட்டசபைத் தேர்தலில் வேட்பாளர் அப்பாவு தோற்றது வெறும் 49 வாக்கால். தலைமை ஆசிரியர் அத்தாட்சி செல்லாது என்று 203 தபால் வாக்குகளைத் தள்ளிவிட்டிருந்தார்கள். அவற்றையும் கடைசி மூன்று சுற்றுகளையும் மறுபடி எண்ணச் சொல்லி சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது 2019 அக்டோபர் 1இல், மூன்று வருஷத்துக்குப் பிறகு. 4ஆம் திகதி நீதிமன்ற வளாகத்திலேயே எண்ணினார்கள். எண்ண ஒரு நாள் போதுமாக இருந்தது! ஆனால் முடிவை வெளியிட டில்லி உச்ச நீதிமன்றம் தடை போட்டது. 2021இல் அந்தச் சட்டசபையின் காலமே முடிந்தது. அதுவரை முடிவு வெளிவரவில்லை.

நம் நாட்டிலும் இதே கதைதான். 2023 மார்ச் 9 உள்ளூராட்சித் தேர்தலுக்கான பணத்தை நிறுத்தக் கூடாது என்று உயர் நீதிமன்றம் இடைக்கால உத்தரவிட்டும் தேர்தல் நடக்கவில்லை. அடிப்படை உரிமை மீறப்பட்டது என்ற தீர்ப்பு 2024 ஓகஸ்ட் 22இல் வந்தது. வாக்களித்ததோ 2025 மே 6இல்.

ஆகவே திருத்தச் சட்டத்தில் இரண்டு விஷயம் எழுதப்பட வேண்டும். வெற்றி வித்தியாசத்தைவிட நிராகரித்த வாக்குகள் கூடினால், நீதிமன்றம் நியமிக்கும் அதிகாரி முன்னிலையில், முகவர்கள் பார்க்க மறுபடி எண்ண வேண்டும். தேர்தல் மனுவை ஆறு மாதத்துக்குள் முடிக்க வேண்டும். உங்கள் பாராளுமன்ற உறுப்பினரிடம் இதை எழுத்தில் கேளுங்கள். “அவங்க பாத்துக்குவாங்க” என்று இருந்தது போதும். வாக்கு பறிபோவது நமக்குப் புதிதல்ல: 1947இல் வாக்களித்த நம் பாட்டன் பாட்டிமாருக்கு 1952இல் வாக்கே இல்லை.

வேட்பாளர்களுக்கும் ஒரு வார்த்தை. இந்தக் கோரிக்கையில் கையெழுத்துப் போடாமல் எங்கள் லயத்து வாசலுக்கு வாக்குக் கேட்டு வராதீர்கள்.