ஆடைக்கடை வாயிலின் கூக்குரல்

கன்னட நாட்டெல்லையை அடுத்த ஓசூரில், தொழிற்சாலைகள் பெருகப் பெருகப் பெருந்துணிக்கடைகளும் பெருகி வருகின்றன. அவற்றுட் பலவற்றின் வாயிலில் இரு தூண்கள் நிற்பதை நண்பர்கள் கண்டிருப்பீர்கள். சென்ற தீபாவளிக்குச் சின்னாள் முன்னர், அத்தகைய கடையொன்றில், ஆலைச் சீருடையணிந்த அம்மையார் ஒருவர் பணஞ் செலுத்தி வெளியேறுங்கால், அத்தூண்கள் திடுமெனக் கூவின. காவலர் பலருங் காண அவர்தம் பையைக் கவிழ்த்தார். “பில்லு இருக்குது சார்” என்ற அவர் சொல் எவர் செவியிலும் ஏறவில்லை. ஈற்றில் வெளியான உண்மை யாது? கல்லாவில் இருந்தவர் சட்டையினின்று வில்லையைக் கழற்ற மறந்தார், அவ்வளவே.

அவ்வில்லையின் இயல்பைச் சிறிது ஆராய்வோம். 1960-களில் அமெரிக்காவில் ஆர்தர் மினாசி முதலியோர் இத்தகைய பொறிகளை வணிகத்திற் புகுத்தினர். ஒருவகை வில்லையினுள் மெல்லிய உலோகக் கீற்று உண்டு. தூண்கள் நொடிக்கு 58,000 தடவை அதிரும் காந்த அலையை விட்டு விட்டு எழுப்பும். அடித்த மணி அடி நின்ற பின்னும் ரீங்கரித்தல் போல, அலை நின்ற பின்னும் கீற்றுச் சிறிது அதிரும். அதனையுணர்ந்தே தூண் ஒலிக்கும். துணியிற் கோத்த ஊசியை வில்லையினுள் உள்ள சிறு எஃகுக் குண்டுகள் இறுகப் பற்றியிருக்கும். கல்லாவிலுள்ள வலிய காந்தம் அவற்றை விலக்க, ஊசி கழலும்.

ஆகவே அப்பொறி அறிவது வில்லையை; களவையன்று. வில்லையை அறுத்தெறிந்த கள்வன் ஒலியின்றிச் செல்வான். பிறர் மறதிக்கு இலக்கான நல்லவனோ நாணி நிற்பான்.

களவால் வணிகர் இழப்பது மெய்யே. அவ்விழப்பு விலையிலேறி நம் தலையிலும் விழக்கூடும். எனவே பொறி வேண்டா என்பது என் கருத்தன்று. அதன் ஒலி ஒரு வினாவேயன்றித் தீர்ப்பாகாது என்பதே யான் கூற வந்தது. “வில்லையைக் கழற்றாமல் விட்டுவிட்டோம் போலும், உள்ளே வாருங்கள் அம்மா, பார்த்துத் தருகிறோம்” என அழைத்தல் எத்துணை எளிது! தெருவிற் பையைக் கவிழ்த்தலை அறவே ஒழித்தல் வேண்டும். தமிழும் தெலுங்கும் கன்னடமும் வழங்கும் நம்மூரில், இம்முறையை மும்மொழியிலும் வாயிலில் எழுதி வைத்தல் நன்று.

அன்று அவ்வம்மையார் சட்டையைக் கல்லாவின் மேலேயே வைத்துவிட்டு, ஒன்றும் பேசாது சென்றார். துணியைக் காத்தல் வேண்டுவதே. மாந்தர் மானத்தைக் காத்தல் அதனினும் வேண்டுவதன்றோ?