கிரெடிட்டுக்காகத் தொண்டு: திருமலை முன்வைக்க வேண்டிய நிபந்தனைகள்

அனர்த்தம் ஒன்று நேர்ந்துவிட்டால் அரச இயந்திரம் அசைவதற்கு முன்னரே இளைஞர்களும் மாணவர்களும் களத்தில் இறங்கிவிடுவது திருகோணமலை மாவட்ட மக்களுக்குப் புதிய அனுபவமன்று. 2004 டிசெம்பர் 26 ஆம் திகதி ஆழிப்பேரலை கிண்ணியாவையும் மூதூரையும் நிலாவெளியையும் தாக்கியபோதும், 2006 ஆம் ஆண்டு யுத்தத்தினால் சம்பூர்த் தமிழ் மக்களும் மூதூர் முஸ்லிம் மக்களும் அடுத்தடுத்து இடம்பெயர்ந்தபோதும், 2025 நவம்பர் இறுதியில் 'டித்வா' சூறாவளியை அடுத்து மகாவலி கங்கை பெருக்கெடுத்தபோதும் இதனையே நாம் கண்டோம். இத்தகைய சேவையைப் பல்கலைக்கழகப் பட்டப்படிப்பின் ஓர் அங்கமாக ஏற்று, அதற்குக் கிரெடிட் வழங்கினால் என்ன என்ற கேள்வி இன்று பரிசீலனைக்கு உரியதாகின்றது.

இது புதிய சிந்தனையன்று. இந்தியாவில் 1969 ஆம் ஆண்டு, காந்தியடிகளின் நூற்றாண்டை ஒட்டி, 37 பல்கலைக்கழகங்களில் நாட்டு நலப்பணித் திட்டம் ஆரம்பிக்கப்பட்டது. அதில் இணையும் மாணவர் ஆண்டுக்கு 120 மணித்தியாலங்கள் வீதம் இரண்டு ஆண்டுகள் சேவையாற்ற வேண்டும். உலகில் முஸ்லிம்கள் மிகப் பெருந்தொகையாக வாழும் நாடுகளுள் ஒன்றான இந்தோனேசியாவில், 1951 ஆம் ஆண்டிலேயே பல்கலைக்கழக மாணவர்கள் ஆசிரியர் பற்றாக்குறை நிலவிய தூரத் தீவுகளுக்குக் கற்பிப்பதற்காக அனுப்பப்பட்டனர். 1971 ஆம் ஆண்டு தொடங்கிய கிராம சேவைத் திட்டம் இன்று அந்நாட்டுப் பட்டப்படிப்பில் கிரெடிட்டுக்குரிய பாடமாக விளங்குகின்றது. மெக்சிகோவில் 480 மணித்தியால சமூக சேவையைப் பூர்த்தி செய்யாமல் பட்டம் பெற முடியாது. எமது நாட்டிலும் 1958 ஆம் ஆண்டு கலாநிதி ஏ.ரி. ஆரியரத்ன தமது பாடசாலை மாணவர்களைக் கனாதொலுவ கிராமத்திற்கு அழைத்துச் சென்று நடத்திய சிரமதானத்திலிருந்தே சர்வோதய இயக்கம் பிறந்தது என்பது குறிப்பிடத்தக்கது.

இலங்கைத் தகைமைச் சட்டகத்தின்படி மூன்றாண்டுப் பட்டம் 90 கிரெடிட்டுகளையும், நான்காண்டுச் சிறப்புப் பட்டம் 120 கிரெடிட்டுகளையும் கொண்டது. சாதாரண பாடநெறியிலோ களக்கற்கையிலோ ஒரு கிரெடிட் என்பது 50 மணித்தியாலக் கற்றலைக் குறிக்கின்றது. கைத்தொழிற் பயிற்சியாயின் அது 100 மணித்தியாலமாகும். ஆகவே, இரண்டு கிரெடிட்டுகளுக்கான தொண்டுப் பணியைக் களக்கற்கையாகக் கொண்டால் 15 வார அரையாண்டில் வாரத்துக்கு ஏறத்தாழ 7 மணித்தியாலங்கள் போதும். பயிற்சியாகக் கொண்டாலோ அதுவே 13 மணித்தியாலங்களுக்கு மேலாகிவிடும். தொண்டு எந்த வகையில் சேர்க்கப்படுகின்றது என்பது மாணவரின் வாழ்க்கையையே பாதிக்கும் விடயமாகும்.

பிரதிபலன் கருதிச் செய்வது தொண்டாகுமா என்று சிலர் வினவக்கூடும். வலக்கை கொடுப்பதை இடக்கை அறியக் கூடாது என்று போற்றி வந்த சமூகங்கள் நாம். அந்த வினாவில் நியாயம் உண்டு. எனினும், கிரெடிட் வழங்கப்பட வேண்டியது மாணவரின் இரக்கத்துக்கன்று; அந்தப் பணியின் ஊடாக அவர் கற்றுக்கொண்டதற்கேயாகும். உணவுப் பொதியைச் சுமந்து சென்றமைக்குப் புள்ளி வழங்க வேண்டியதில்லை. எந்தக் கிராமத்துக்கு அந்தப் பொதி ஏன் சென்றடையவில்லை என்பதை ஆராய்ந்து, அடுத்த தடவை சென்றடைய வழி காட்டுவதற்குப் புள்ளி வழங்கலாம்.

இவ்விடயத்தில் எமக்குள்ள பிரதான அச்சம் வேறானது. 'தொண்டர்' என்ற சொல்லுக்குக் கிழக்கு மாகாணத்தில் ஒரு கசப்பான வரலாறு உண்டு. யுத்த காலத்தில் ஆசிரியர் இல்லாத பாடசாலைகளை மூடவிடாது காத்தவர்கள் தொண்டர் ஆசிரியர்களே. ஊதியமின்றியும் சொற்பக் கொடுப்பனவுடனும் பல ஆண்டுகள் கற்பித்த அவர்கள், பின்னர் நிரந்தர நியமனம் கோரி வீதியோரங்களில் அமர நேர்ந்தது. ஒரு தொகையினருக்கு நியமனம் கிடைத்தபோதிலும், அவர்கள் காத்திருந்த ஆண்டுகளை எவராலும் திருப்பிக் கொடுக்க முடியவில்லை. தற்காலிகமான தியாகம் நிரந்தரமான ஏற்பாடாக மாற்றப்பட்டமையே அங்கு நிகழ்ந்த தவறாகும்.

கிரெடிட் பெறும் மாணவரின் விடயத்தில் அதே தவறு இன்னும் இலகுவாக நிகழக்கூடும். ஆண்டுதோறும் புதிய அணி வரும், சம்பளம் கேட்காது, நியமனமும் கோராது. அவ்வாறாயின் வெருகலிலோ குச்சவெளியிலோ உள்ள பாடசாலைக்குக் கணித ஆசிரியர் ஒருவரை நியமிக்க வேண்டிய அவசரம் எந்த அதிகாரிக்கு ஏற்படப் போகின்றது? எனவே, அரசாங்கம் சம்பளம் கொடுத்து நிரப்ப வேண்டிய எந்த வெற்றிடத்திலும் மாணவரை அமர்த்தலாகாது என்பதை முதலாவது நிபந்தனையாக நாம் முன்வைக்கின்றோம்.

அவ்வாறாயின் மாணவர் ஆற்றக்கூடிய பணி யாது? கோணேசபுரியில் அமைந்துள்ள கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்தில் மொழி, தொடர்பாடல், முகாமைத்துவம், கணினி விஞ்ஞானம், சித்த மருத்துவம் ஆகிய துறைகள் கற்பிக்கப்படுகின்றன. தமிழும் அரச கரும மொழி என்று 1987 இல் அரசியலமைப்பில் சேர்க்கப்பட்ட பின்னரும், சிங்களத்தில் மட்டும் வரும் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு வாசிக்க ஆள் தேடும் முதியவர்களை எமது கிராமங்களில் காண்கின்றோம். மொழித்துறை மாணவர் அக்கடிதத்தை விளக்குவதுடன் நின்றுவிடாது, எந்த அலுவலகத்திலிருந்து அவ்வாறான கடிதங்கள் வருகின்றன என்பதையும் பதிவு செய்தால், அது கல்வியுமாகும், மக்களுக்கு ஆவணமுமாகும்.

2021 நவம்பர் 23 ஆம் திகதி கிண்ணியா குறிஞ்சாக்கேணியில், பாலம் நிர்மாணிக்கப்பட்டு வந்த வேளையில் மாற்றுப் போக்குவரத்தாக இயங்கிய படகுப்பாதை கவிழ்ந்து பாடசாலைச் சிறார் உள்ளிட்டோர் உயிரிழந்ததை நாம் மறக்கவியலாது. ஒவ்வொரு பயணத்திலும் எத்தனை பேர் ஏறுகின்றனர், உயிர்காப்பு அங்கிகள் எத்தனை உள்ளன என்பதை மாணவர் குழுவொன்று பதிவு செய்து உரிய அதிகாரிகளிடம் கையளித்திருந்தால் அந்த அனர்த்தம் தவிர்க்கப்பட்டிருக்கும் என்று நாம் உறுதி கூற வரவில்லை. ஆயினும், அபாயம் தமக்குத் தெரியாதிருந்தது என்று கூறுவதற்கு எவருக்கும் இடமிருந்திராது. பொறுப்பானவர்களைப் பொறுப்புக்கு அழைக்கும் இத்தகைய பணியே பல்கலைக்கழகத்துக்குரிய தொண்டாகும்.

இரண்டாவது நிபந்தனை மதிப்பீடு பற்றியது. கையொப்பப் புத்தகத்தில் மணித்தியாலங்களை நிரப்பி, புகைப்படங்களை ஒட்டிச் சமர்ப்பிக்கும் அறிக்கைக்குக் கிரெடிட் வழங்குவது வெறும் சடங்காகிவிடும். பணி நடைபெற்ற கிராமத்தின் மீனவர் சங்கம், மாதர் சங்கம், பள்ளிவாசல் அல்லது ஆலய நிர்வாகம் ஆகியன 'இவர்கள் வந்ததால் எமக்கு என்ன கிடைத்தது' என்று கூறுவதற்கும் இடமளிக்கப்பட வேண்டும். ஓர் அணி தொடங்கிய பணியை அடுத்த அணி தொடர்வதை விரிவுரையாளர் ஒருவர் பொறுப்பேற்று உறுதிப்படுத்த வேண்டும். அவருக்கும் அது கற்பித்தல் நேரமாகக் கணிக்கப்பட வேண்டும்.

மூன்றாவது, செலவும் பாதுகாப்பும். புலமைப்பரிசில் பணத்தில் வாழும் மாணவரும், மாலையில் தனியார் வகுப்பு நடத்திக் குடும்பத்துக்குக் கைகொடுக்கும் மாணவரும் கோணேசபுரியிலிருந்து மூதூருக்குச் சென்றுவரப் பேருந்துக் கட்டணத்தைத் தமது பையிலிருந்து கொடுக்க வேண்டுமாயின், தொண்டு வசதியுள்ளோரின் சலுகையாகிவிடும். மாணவிகளின் பெற்றோர் அச்சமின்றி அனுமதிக்கத்தக்க வகையில் நேரமும் வாகன வசதியும் ஒழுங்கு செய்யப்படுவதும் அவசியமாகும்.

இறுதியாக ஒன்றைக் கூறிவைக்க விரும்புகின்றோம். கொட்டியாரக் குடாவின் கரைகளில் தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் அருகருகே வாழ்ந்தபோதிலும், ஒருவரது கிராமத்துக்குள் மற்றவர் காலெடுத்து வைக்காத நிலை பல இடங்களில் இன்னும் நீடிக்கின்றது. தமிழ் மாணவர் கிண்ணியாவிலும், முஸ்லிம் மாணவர் சம்பூரிலும், சிங்கள மாணவர் இவ்விரு இடங்களிலும் ஓர் அரையாண்டு பணியாற்றும் வகையில் கலப்பு அணிகள் அமைக்கப்பட்டால், எந்தப் பாடநூலும் தரவியலாத அறிவு அவர்களுக்குக் கிட்டும். ஒருவரது வெள்ளம் மற்றவரது வாசலையும் நனைத்ததை இம்மாவட்டம் ஒரு தடவைக்கு மேல் கண்டுள்ளது. அதனைப் பட்டச் சான்றிதழிலும் பதிந்து வைக்கப் பல்கலைக்கழகங்கள் முன்வருமாயின் நாம் வரவேற்போம். ஆனால், அந்தக் கிரெடிட்டின் விலையாக எமது பாடசாலைகளினதும் வைத்தியசாலைகளினதும் வெற்றிடங்கள் நிரந்தரமாகிவிடக் கூடாது.