புனேயின் இரவுப் பள்ளியும் நமது ஞாயிற்றுக்கிழமைகளும்

1855ஆம் ஆண்டில் ஜோதிராவ் பூலே 'திருதீய ரத்னா' என்ற நாடகத்தை எழுதினார். ஏழை விவசாயி ஒருவரின் மனைவி கருவுற்றிருக்கிறார். வாசலுக்கு வந்த புரோகிதர் கிரகக் கோளாறு என்று அச்சுறுத்தி, கடன் வாங்கவைத்துப் பரிகாரம் செய்விக்கிறார். ஏமாற்றம் புரிந்தபின் அந்தக் கணவனும் மனைவியும் எடுக்கும் முடிவு, இரவுப் பள்ளிக்குச் சென்று எழுதப் படிக்கக் கற்பது. அது கற்பனைப் பள்ளியன்று. அதே ஆண்டில் ஜோதிராவும் சாவித்திரிபாயும் பகலெல்லாம் உழைப்பவர்களுக்கென்று புனேயில் உண்மையாகவே ஓர் இரவுப் பள்ளியைத் தொடங்கியிருந்தனர். தட்சிணா பரிசுக் குழு நாடகத்தை ஏற்க மறுத்தது. யார் மறுத்திருப்பார்கள் என்று தோழர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

அதே புனே நகரில் இன்று, வேலை முடிந்து திரும்பும் புலம்பெயர் தொழிலாளர்களுக்கு ஆங்கிலம் கற்பிக்கப் போகலாமா என்று கேட்கும் இளைஞர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களுக்கு நாம் பெரும்பாலும் தரும் விடை, "அது தொண்டு நிறுவனங்களின் வேலை, தோழர்" என்பதே. இந்த விடை தவறு என்பது என் கருத்து. ஆனால் அதன் பின்னாலுள்ள ஐயம் முற்றிலும் தவறன்று. ஆகவே இரண்டையும் பேசியாக வேண்டும்.

முதலில் மொழியை எடுத்துக்கொள்வோம். உழைக்கும் மக்களுக்கு ஏன் ஆங்கிலம்? 1854இல் வெளியான 'காவ்ய பூலே' தொகுப்பில் சாவித்திரிபாய், ஒடுக்கப்பட்ட மக்கள் ஆங்கிலம் கற்க வேண்டுமென்று வலியுறுத்தினார். ஜோதிராவ் தாமஸ் பெயினின் 'மனித உரிமைகள்' நூலைப் படித்தது ஆங்கிலம் அறிந்ததால்தான். வெள்ளையர் ஆட்சியை அவர் குறைகூறாமல் விட்டவரும் அல்லர். உழவர்களிடம் வரியாகப் பறித்த பணத்தை மேல்சாதியினரின் உயர்கல்விக்குச் செலவிடுகிறீர்கள் என்று 1882இல் ஹண்டர் கல்விக் குழுவின் முன் எழுத்து மூலமாகவே குற்றஞ்சாட்டினார். அதிகாரம் எந்த மொழியில் நடக்கிறதோ, அந்த மொழி ஒருசிலர் கையில் மட்டும் இருக்கக் கூடாது என்பதே அவர்களது நிலை.

இன்றைய புனேயில் ஹிஞ்சவடியின் கண்ணாடிக் கட்டடங்களை எழுப்பியவர்களும், சாகன் தொழிற்பேட்டையில் ஒப்பந்த வேலை செய்பவர்களும் பீகார், உத்தரப் பிரதேசம், ஒடிசா, மராத்வாடா என்று பல திசைகளிலிருந்து வந்தவர்கள். தங்களுக்குள் ஒருவகை இந்தி பேசிச் சமாளிக்கிறார்கள். ஆனால் வைப்புநிதிக் கணக்கில் பணம் ஏறியதா என்று சொல்லும் குறுஞ்செய்தி பெரும்பாலும் ஆங்கிலத்தில் வருகிறது. ஓடிபியை யாரிடமும் சொல்லாதே என்ற எச்சரிக்கையும் ஆங்கிலத்தில்தான். ஊதியச் சீட்டில் பிடித்தம் என்ற பெயரில் ஒப்பந்ததாரர் எவ்வளவு விழுங்கினார் என்பதும் ஆங்கிலத்தில்தான் அச்சாகிறது. உணவு விநியோகச் செயலியில் ஒரு தொழிலாளியின் கணக்கு ஏன் முடக்கப்பட்டது என்பதை அவர் யாரையாவது கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

2019 ஜூன் 29 விடியற்காலையில், புனேயின் கோந்த்வா பகுதியில் அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றின் சுற்றுச்சுவர் தகரக் கொட்டகைகள் மீது சரிந்து 15 பேர் மாண்டனர். பெரும்பாலோர் பீகாரிலிருந்து வந்த கட்டடத் தொழிலாளர்கள், குழந்தைகளும் இருந்தனர். ஆங்கிலம் தெரிந்திருந்தால் பிழைத்திருப்பார்கள் என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொல்வது கொன்றவர்களை விட்டுவிட்டு இறந்தவர்களைக் குற்றம் சொல்வதாகும். 1996ஆம் ஆண்டுச் சட்டம் கட்டுமானச் செலவில் ஒரு பங்கைத் தீர்வையாகப் பெற்று நல வாரியம் நடத்தச் சொன்னது. 90 நாள் வேலை செய்தவர் அதில் பதிவு செய்துகொள்ளலாம். ஆனால் அந்த 90 நாளுக்கான சான்று, விண்ணப்பம், இணையப் பதிவு ஆகிய ஒவ்வொன்றும் வேற்றூரில் பிழைக்க வந்தவருக்கு ஒரு சுவர்தான்.

இனி, நம் ஐயத்துக்கு வருகிறேன். சனி, ஞாயிறுகளில் நிறுவனங்கள் தம் ஊழியர்களைப் பனியன் மாட்டி அனுப்பி நடத்தும் வகுப்புகளில் என்ன கற்பிக்கப்படுகிறது? பெரும்பாலும், வாடிக்கையாளரைப் பார்த்துப் புன்னகைத்து நலம் விசாரிக்கும் ஆங்கிலம். நேர்காணலில் பணிவாகப் பேசும் ஆங்கிலம். "என் கூலி எங்கே?" என்று கேட்கும் ஆங்கிலம் அந்தப் பாடத்தில் இல்லை. இதைச் செய்யும் இளைஞர்களை நான் இகழவில்லை. அவர்களில் பலர் நல்ல மனத்துடன் வருகிறார்கள். நான்கு வாரங்களில் மறைந்தும் விடுகிறார்கள். மாணவர்கள் மட்டும் அங்கேயே இருக்கிறார்கள்.

அரசின் கதை இதைவிடக் கசப்பானது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி 15 வயதுக்கு மேற்பட்டவர்களில் எழுத்தறியாதோர் 25.76 கோடி. ஊராட்சிதோறும் மாதம் 2000 ரூபாய் மதிப்பூதியத்தில் ஊக்குநர்களை அமர்த்திய சாக்ஷர் பாரத் திட்டம் 2018 மார்ச்சுடன் முடிக்கப்பட்டது. பின்னர் வந்த புதிய பாரத எழுத்தறிவுத் திட்டத்துக்கு 2022 முதல் 2027 வரையிலான ஒதுக்கீடு 1037.90 கோடி ரூபாய். இலக்கு 5 கோடிப் பேர். வகுத்துப் பாருங்கள். ஒருவருக்கு, ஐந்தாண்டுகளுக்கும் சேர்த்து, 208 ரூபாய்க்கும் குறைவு. மீதியைத் தன்னார்வலர்களின் சேவை உணர்வு பார்த்துக்கொள்ளுமாம்! ஊதியமில்லாத உழைப்புக்கு ஒன்றிய அரசு சூட்டியுள்ள அழகிய பெயர் அது. இந்த இடத்தில் நம் தோழர்களின் ஐயம் நியாயமானது. நாம் போய்க் கற்பித்தால், அரசு கைகழுவியதற்கு நாமே துணை நின்றதாகாதா?

நாம் எப்படிக் கற்பிக்கிறோம் என்பதைப் பொறுத்தது அது. குருப்ஸ்கயா 1890களில் பீட்டர்ஸ்பர்க்கின் தொழிலாளர் குடியிருப்பில் மாலை, ஞாயிறு வகுப்புகளில் ஐந்தாண்டுகள் ஆசிரியராக இருந்தார். ஆலைத் தொழிலாளர்களுக்கு எழுத்தும் கணக்கும் சொல்லித்தந்தார். பின்னாளில் போல்ஷ்விக் போராளியான இவான் பாபுஷ்கின் அவரது மாணவர். வகுப்பறையில் ஆலையின் நிலைமைகளை ஆசிரியரும் கற்றார். லெனின் 1895இல் ஆலை அபராதங்கள் பற்றிச் சிறு நூல் எழுதியது, தொழிலாளியின் கையில் இருந்த அபராதச் சீட்டிலிருந்து சட்டத்தை விளக்குவதற்காகத்தான். நமது ஆங்கில வகுப்பின் முதல் பாடமும் ஊதியச் சீட்டாகவே இருக்கலாம். தேதி, நாட்கள், பிடித்தம், நிகரம் ஆகிய நான்கு சொற்களை ஆங்கிலத்தில் படிக்கக் கற்றவர் அடுத்த வாரம் ஐந்தாவது சொல்லைத் தாமே கேட்பார்.

நம் வீட்டுப் பக்கத்திலும் இதற்கு முன்மாதிரி உண்டு. புதுக்கோட்டையில் 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் பெண்களுக்கு எழுத்தோடு சைக்கிளும் கற்றுக்கொடுத்தது. கேரள எழுத்தறிவு இயக்கம் 2017இல் பெரும்பாவூரில் 'சங்ஙாதி' திட்டத்தைத் தொடங்கி, வெளிமாநிலத் தொழிலாளர்களுக்கு 'ஹமாரி மலையாளம்' என்ற பாடநூலின் வழியே மலையாளம் கற்பித்தது. அரசு மனம் வைத்தால் முடியும் என்பதற்கு அதுவே சான்று. தன்னார்வலர் வேண்டும்; அவருக்குப் பாடநூலும் இடமும் மதிப்பூதியமும் அரசு தர வேண்டும். இந்தக் கோரிக்கையை வகுப்பு நடத்துபவர்கள் எழுப்பினால்தான் அதற்கு வலு இருக்கும்.

எந்த மொழியைக் கற்பிப்பது என்பதையும் நாமே முடிவு செய்துவிடக் கூடாது. திருப்பூரில் பனியன் ஆலைக்கு வந்த ஒடிசாப் பெண்ணுக்கு முதலில் தமிழ் தேவைப்படலாம். வடவர் என்று அவரை வசைபாடுவோர் நடுவே, அந்தத் தமிழை நாம் கற்றுக்கொடுப்பது ஓர் அரசியல் செயலும்கூட. புனேயில் 2021 ஆகஸ்டுக்குப் பின் ஊர் திரும்ப அஞ்சிய ஆப்கானிய மாணவர்களுக்கு விசா விண்ணப்பத்துக்கான ஆங்கிலம் தேவைப்பட்டிருக்கும். 1951ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடாததால், அகதிகளின் கல்வியைப் பற்றி அரசைக் கேட்கவும் பிடிமானமான சட்டம் இல்லை.

ஒரு நடைமுறைச் சிக்கலையும் கூறிவிடுகிறேன். கட்டுமானத் தளங்களில் இரவு எட்டு மணிக்கு வகுப்பு வைத்தால் ஆண்கள் வருவார்கள். பகலெல்லாம் செங்கல் சுமந்த பெண்கள் அந்நேரம் அடுப்படியில் இருப்பார்கள். பூலேயின் நாடகத்தில் கணவனும் மனைவியும் சேர்ந்தே பள்ளிக்குப் புறப்பட்டார்கள். வகுப்பு தொடங்க விரும்பும் கிளைகள் பலகையும் சுண்ணக்கட்டியும் வாங்குமுன், எந்த நேரம் ஒத்துவரும் என்று முதலில் அந்தப் பெண்களிடம் கேட்டு வாருங்கள்.