எண் பொருந்திய இரும்பு

பழைய கைத்துப்பாக்கிகளைத் தேடிச் சேர்ப்பதும், எண்ணெயிட்டுத் துடைத்துப் பட்டுப் பெட்டியில் வைத்து இரசிப்பதும் ஓர் உயர்ந்த கலை என்னும் குரல் இப்போது நமது கண்டாவளைப் பக்கத்திலும் கேட்கத் தொடங்கியிருக்கிறது. சேர்ப்பதற்கு இங்கே எவரிடமும் பணமில்லை. பணமிருந்தாலும் சட்டம் விடாது. 1916 ஆம் ஆண்டுச் சுடுகலன் கட்டளைச் சட்டம் இன்றும் உயிரோடிருக்கிறது. அனுமதிப்பத்திரமின்றி ஓர் இடியன் துவக்கைக்கூட வீட்டு மூலையிற் சாத்தி வைக்க இயலாது. ஆனால் இரசனைக்கு அனுமதிப்பத்திரம் வேண்டியதில்லை அல்லவா? கைத்தொலைபேசித் திரையில் அது வருகிறது; கோயில் திருவிழாவுக்கு வெளிநாட்டிலிருந்து வந்திறங்கும் உறவினர் சிலரின் வாய்வழியாகவும் வருகிறது. அவர்கள் படங்களைக் காட்டுகிறார்கள். இது கோல்ட், இது லூகர், இது மவுசர் என்று நமது பிள்ளைகள் பெயர் சொல்லப் பழகுகிறார்கள்.

அவர்கள் பக்கத்து நியாயத்தை முதலிற் சொல்லிவிடுவோம். அமெரிக்காவின் யூட்டாப் பகுதியில் துவக்குச் செய்யும் தொழிலாளி ஒருவரின் மகனாகப் பிறந்த யோன் பிறவுணிங் மாபெரும் கைவினைஞர், இதில் ஐயமில்லை. அவர் வகுத்த 1911 ஆம் ஆண்டுக் கோல்ட் கைத்துப்பாக்கியில், வெடி தீர்ந்த கணத்தில் எழும் பின்னுதைப்பே வேலையாளாகிவிடுகிறது. குழலும் மேற்சறுக்கியும் சிறிது தூரம் ஒன்றாகப் பின்னேகும். குழல் கீழிறங்கிப் பூட்டு விடுபடும். சறுக்கி மட்டும் தொடர்ந்து சென்று வெற்றுக் கோதை வெளியே வீசும். சுருள்வில்லின் விசையால் அது முன்னே மீளும்போது அடுத்த ரவை குழலினுள் ஏறிவிடும். நமது ஊர்க் கொல்லர் எவரும் இதைக் கண்டால் வியப்பர். வியக்கட்டும். நாமும் வியக்கிறோம். மனித மூளையின் ஆற்றலைக் கண்டு முகஞ்சுளிப்பவர்கள் அல்லர் முற்போக்காளர்.

ஆனால், “இதன் அழகை மட்டும் பாருங்கள், பயனைப் பாராதீர்கள்” என்கிறார்களே, அங்கேதான் நமக்கும் அவர்களுக்கும் வழக்கு. இந்த வாதம் நமக்குப் புதிதன்று. கலை கலைக்காகவே என்று இலக்கிய மேடைகளில் முழங்கியவர்களிடம் பலகாலம் கேட்டுப் பழகியதுதான். அன்று கவிதைக்குச் சொன்னதை இன்று இரும்புக்குச் சொல்கிறார்கள்.

அந்தக் கோல்ட் துப்பாக்கியின் வாயளவு ஏன் அத்தனை பெரிதாயிற்று என்று அவர்களுடைய படப் புத்தகம் பெருமையோடு கூறும். பிலிப்பைன்ஸ் தீவுகளைப் பிடித்தடக்கிய அமெரிக்கப் படை, தெற்கே மோரோ மக்களின் எதிர்ப்பைச் சந்தித்தது. பாய்ந்துவரும் மனிதனைப் பழைய சிறு சன்னம் நிறுத்தவில்லை என்று படையினர் முறையிட்டனர். 1904 இல் தொம்சன் என்னும் படையதிகாரியும் லாகார்ட் என்னும் படை மருத்துவரும் ஆய்வுக்கு நியமிக்கப்பட்டனர். ஆம், ஒருவர் மருத்துவர்! சிக்காகோ நகரத்து மாட்டுத் தொழுவங்களில் உயிருள்ள மாடுகளையும், மனிதப் பிணங்களையும் சுட்டுச் சோதித்துப் பெருஞ் சன்னமே வேண்டுமென்று அவர்கள் விதந்துரைத்தனர். அடிமைப்பட மறுத்த ஒரு மக்கள் கூட்டத்தின் உடலை மனத்திற்கொண்டு தீர்மானிக்கப்பட்ட அளவு அது. அந்த அளவு இல்லாமல் அந்த ‘அழகு’ இல்லை. பயனைக் கழித்துவிட்டு வடிவத்தை மட்டும் எப்படி இரசிப்பது?

இதே பிறவுணிங்கின் கைவண்ணம் நமது தமிழ் வரலாற்றையும் தொட்டது. 1911 யூன் 17 அன்று மணியாச்சிச் சந்திப்பில் ஆஷ் துரையைச் சுட்டுவிட்டுத் தன்னையும் சுட்டுக்கொண்ட வாஞ்சிநாதனின் கையிலிருந்தது பிறவுணிங் கைத்துப்பாக்கியே. மூன்றாண்டு கழித்து, 1914 யூன் 28 அன்று, சரயேவோவில் ஒஸ்திரிய இளவரசரையும் அவர் மனைவியையும் வீழ்த்தியதும் அவர் வகுத்த துப்பாக்கிதான். அது 2004 முதல் வியன்னாவின் படைவரலாற்று அரும்பொருட்சாலையில் இருக்கிறது. அங்கே அந்த இளவரசர் ஏறிச் சென்ற காரும், இரத்தக்கறை படிந்த அவரது மேலங்கியும் இருக்கின்றன. அதை நாம் குறைகூறமாட்டோம். காயத்தின் அருகே வைக்கப்பட்ட ஆயுதம் சாட்சி சொல்கிறது. பட்டுப் பெட்டிக்காரர் செய்வதோ, காயத்தைத் துடைத்தெறிந்துவிட்டு ஆயுதத்தை மட்டும் மினுக்குவது.

போர் முடிந்தபின் புதுக்குடியிருப்பிலும் ஆயுதக் காட்சியொன்று வைத்தார்கள். தோற்றவர்களின் துவக்குகளும் படகுகளும் வரிசையாக நின்றன. பரந்தன் முல்லைத்தீவு வீதி வழியே, தருமபுரத்தைக் கடந்து, தென்னிலங்கைப் பேருந்துகள் அதைக் காணச் சென்றன. 2009 சனவரியில் மூட்டை முடிச்சுக்களோடு மக்கள் கிழக்கே நகர்ந்த அதே வீதி. அந்த மக்களின் அங்கி ஒன்றுகூட அக்காட்சியில் இடம்பெறவில்லை.

ஒரு தரப்பை மட்டும் சாடுவதாக எவரும் எண்ணவேண்டாம். துவக்கு நமக்கு அந்நியமன்று. வயலுக்குள் இறங்கும் பன்றியை விரட்ட அனுமதி பெற்ற துவக்கு இருந்தது. கள்ளமாகக் கட்டிய கட்டுத்துவக்கு மாட்டின் காலையும் மனிதன் காலையும் முறித்ததுண்டு. பின்னர் நமது பிள்ளைகளே ஆயுதம் ஏந்திய காலம் வந்தது. இடையிலே பிஸ்டல் தொங்கினால் அவர் பெரிய பொறுப்பாளர் என்று சிறு பிள்ளையும் அறியும். அது தகுதியின் அடையாளமாயிற்று, அணிகலனாயிற்று. அதைக் கண்டு வாய்பிளந்து நின்ற கூட்டத்தில் நாமும் ஒரு பகுதி. பொருளை விட்டுப் பளபளப்பைத் தொழும் நோய் எங்கிருந்தோ விமானமேறி வந்ததென்று மட்டும் சொல்வதற்கில்லை.

இனி, இந்தக் கலையின் உள்ளறைக்குப் போவோம். லூகர் துப்பாக்கியின் உடலிலும் குழலிலும் ஓர் இலக்கம் பொறிக்கப்பட்டிருக்கும். சின்னஞ்சிறு உறுப்புகளிற்கூட அதன் கடைசி இரண்டு எண்கள் இருக்கும். எல்லாம் ஒன்றோடொன்று பொருந்தினால் விலை ஏறும்; ஓர் உறுப்பு மாறியிருந்தால் விலை சரியும். கோல்ட் கம்பெனிக்குப் பணம் கட்டினால், குறித்த இலக்கத் துப்பாக்கி எந்த நாளில் எந்த வியாபாரிக்கு அனுப்பப்பட்டது என்று பழைய ஏட்டைப் பார்த்து முத்திரையிட்ட கடிதம் தருவார்கள். நூறாண்டுக்கு முந்திய இரும்புத் துண்டு ஒன்றின் பிறப்பும் பயணமும் இத்தனை துல்லியம்! 2018 அளவில் அமெரிக்கப் படையின் பழைய கைத்துப்பாக்கிகளைக் குடிமக்களுக்கு விற்க முற்பட்டபோது, விரும்பினோர் தொகை மிகுதியால் குலுக்கல் நடத்தவேண்டியதாயிற்று. (கனடாவில் 2022 ஒக்டோபரில் கைத்துப்பாக்கி விற்பனையையே நிறுத்திவிட்டார்கள். நமது உறவினர்கள் இதைச் சற்று வருத்தத்தோடுதான் சொல்கிறார்கள்.)

கிளிநொச்சிக் கந்தசுவாமி கோயில் முன்றிலில் 2017 பெப்ரவரி 20 அன்று தாய்மார் சிலர் வந்து அமர்ந்தார்கள். அவர்களும் கடிதம் கேட்டவர்களே. 2009 மேயில் வட்டுவாகற் பக்கத்தில் தம் கையாலே ஒப்படைத்த பிள்ளை எங்கே, கணவன் எங்கே, எந்த நாளில் எந்த வாகனத்தில் எங்கே அனுப்பப்பட்டார் என்பதே கேள்வி. 2016 இல் காணாமற் போனோர் அலுவலகத்துக்குச் சட்டம் இயற்றினார்கள், படிவங்கள் நிரப்பப்பட்டன, அடையாள அட்டை இலக்கம், பிறப்புச் சான்றிதழ் இலக்கம், முறைப்பாட்டு இலக்கம் எல்லாம் எழுதிக் கொடுத்தாயிற்று. அந்தத் தாய்மாரின் பிளாஸ்ரிக் உறைக்குள் எண்களுக்குக் குறைவில்லை; எல்லாம் பொருந்தியும் இருக்கின்றன. விடையின்றியே அவர்களிற் பலர் இறந்தும் போயினர். துப்பாக்கிக்கு ஏடு வைத்திருக்கும் உலகம் மனிதனுக்கு வைத்திருக்கவில்லை என்று நாம் கூறினால், “நீங்கள் இரசனையற்றவர்கள், எதையும் அரசியலாக்குகிறீர்கள்” என்கிறார்கள். துப்பாக்கியை அரசியலாக்கியவர்கள் நாமா?

பழைய இயந்திரங்களின்மேல் மெய்யாகவே அன்பு கொண்டவர் எவரேனும் அவர்களுள் இருக்கலாம். அப்படியாயின், ஏலக் கூடங்களைத் தேடி அலையவேண்டியதில்லை, பரந்தனுக்கு வரலாம். சுதந்திரத்திற்குப் பின் அமைந்த அரசாங்க இரசாயனத் தொழிற்சாலை அங்கே இயங்கியது. கடுஞ்சோடாவும், குடிநீரைத் தூய்மையாக்கும் குளோரினும் அங்கே உற்பத்தியாயின. எண்பதுகளிற் போர் மூண்டபோது அது நின்றுபோயிற்று, சுவர்கள் சன்னம் பட்டுப் பொத்தலாயின, இரும்பு துருவேறியது. எந்தக் குழாய் எங்கே ஓடியது, எந்த அறையில் எது வடிந்தது என்று சொல்லத்தக்க முதிய தொழிலாளர்களின் தொகை ஆண்டுதோறும் குறைந்து வருகிறது. அவர்கள் கடிதத்துக்குப் பணம் கேட்கமாட்டார்கள். எழுதிக்கொள்ள ஒரு கொப்பியோடு வந்தாற் போதும்.