சந்தா கட்டுங்க, பாட்டு வரும்

சுங்குவார்சத்திரத்தில் சாம்சங் தொழிலாளிகள் 2024இல் 37 நாள் வேலைநிறுத்தம் செய்தது முதன்மையாகச் சங்க அங்கீகாரத்துக்காக. 2025 ஜனவரியில் சங்கம் பதிவானது. அதே வட்டாரத்தில் ஷிப்ட் முடித்து ராப் எழுதும் பையனுக்கும் பறை அடிக்கும் அண்ணனுக்கும் என்ன இருக்கு? சினிமாவில் வாசிப்பவர்களுக்குச் சென்னையில் யூனியன் உண்டு. 2012 காப்புரிமைத் திருத்தம் ராயல்டி பேசுகிறது. சாவு வீட்டில் அடிச்சவருக்கு அது எந்த மூலைக்கு?

கம்பெனிகளிடம் சிஎஸ்ஆர் பணம் கேட்கலாமே என்பார்கள். கேளுங்க. வேலைநிறுத்தத்தைப் பாடினால் அடுத்த வருஷமும் மேடை தருவாங்களா?

முந்நூறு பேர், மாசம் நூறு ரூபாய்: 30,000. ஒரகடத்தில் ஒத்திகைக்கு ஓர் அறை, வாடகைக்கு மைக், கூலி பாக்கி வைக்கும் ஏற்பாட்டாளருக்கு ஒரு வக்கீல் நோட்டீஸ். "கலைஞனுக்கு எதுக்குங்க சங்கம்?" என்பவர்கள், கல்யாணத்துக்கு அவனைக் கூப்பிட்டுப் பேரம் பேசுவதை முதலில் நிறுத்தட்டும்.