தரிசு என்றொரு சொல்

மண்ணூர்பேட்டையில் இருந்துகொண்டு ராஜஸ்தான் பறவைக்காக ஏன் கவலைப்பட வேண்டும் என்று நண்பரொருவர் கேட்டார். நியாயமான கேள்விதான்.

கானமயில் என்றதும் நமக்கு மூதுரையின் மயிலே நினைவுக்கு வரும். நாம் பேசுவது வேறொரு பறவையை. வறண்ட புல்வெளிகளில் நடந்து திரியும், பதினைந்து கிலோ வரை எடைகொள்ளும் பறவை அது. ஒருகாலத்தில் தமிழகத்திலும் வாழ்ந்தது. இன்று இயற்கைச் சூழலில் எஞ்சியிருப்பவை நூற்றைம்பதுக்கும் குறைவு. பெரும்பாலும் தார்ப் பாலைவனத்தில்தான்.

அங்கே சூரிய மின்பூங்காக்களும் காற்றாலைகளும் பெருகின. பக்கவாட்டுப் பார்வை கொண்ட இப்பறவை எதிரேயுள்ள மின்கம்பியைக் காண்பதில்லை. கண்டாலும் கனத்த உடலைச் சட்டென்று திருப்ப இயலாமல் மோதி மடிகிறது. கம்பிகளை நிலத்தடியில் புதைக்குமாறு 2021இல் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. 2024இல் அதைத் தளர்த்தி வல்லுநர் குழுவை அமைத்தது. இதனிடையே, 2019 முதல் முட்டைகளை எடுத்துவந்து ஜெய்சல்மேர் மாவட்டத்தின் சாம் மையத்தில் குஞ்சு பொரிக்கச் செய்கிறார்கள். 2024இல் செயற்கைக் கருவூட்டல் வழியாகவும் ஒரு குஞ்சு பிறந்தது.

இவ்வுழைப்பை வணங்குகிறோம். எனினும் இடம்பெயர்ப்பதும் கண்காணிப்பதும் மட்டுமே காப்பாற்றுவதாகிவிடாது. அமெரிக்காவின் மொஹாவி பாலைவனத்தில், 2008இல் ராணுவப் பயிற்சித்தள விரிவாக்கத்துக்காக நூற்றுக்கணக்கான ஆமைகளை ரேடியோ கருவி பொருத்தி வேறிடத்தில் விட்டனர். கயோட்டி என்னும் ஓநாயினங்கள் பலவற்றைக் கொன்று தின்றன, பணி நிறுத்தப்பட்டது. கருவிகள் மரணத்தை அறிவித்தன, தடுக்கவில்லை.

சாமில் வளரும் பறவைகளுக்குத் திரும்பிச் செல்ல நிலம் வேண்டும். அந்நிலமோ அரசு ஏடுகளில் பெரும்பாலும் ‘தரிசு’. தெய்வத்தின் பேரால் மரம் வெட்டாமல் ஊரார் காத்துவந்த ‘ஓரண்’ மேய்ச்சல் நிலங்கள் பலவும் அப்படியே பதிவாகியுள்ளன. கம்பிக்கு முன்பே இந்தச் சொல் பறவையைக் கொன்றுவிடுகிறது.

எண்ணூரின் நிலக்கரிச் சாம்பலை அறிந்த நாம் சூரிய மின்சாரத்தை எதிர்க்க முடியாது, எதிர்க்கவும் இல்லை. பறவைக்குரிய நிலத்தை முதலில் ஒதுக்கிவிட்டு, மின்பூங்காவுக்கு இடம் தேடுங்கள் என்பதே எமது வேண்டுகோள்.

நண்பருக்கான பதில் இதுதான்: 2013 டிசம்பர் 31 அன்று தென்னக மின்தொகுப்பு நாட்டின் பிற பகுதிகளோடு ஒரே அதிர்வெண்ணில் இணைந்தது. மண்ணூர்பேட்டையில் நாங்கள் படிக்கும் விளக்கும் தார்ப் பாலைவனத்துக் கம்பியும் அன்றுமுதல் ஒரே வலையின் கண்ணிகள்.